மூணு மணிக்கு எடுத்துடுவாங்க

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம், ஸ்ரீரங்கத்தில் தேருக்கு முதல் நாள் நடந்தது இது. நடந்த இடம் எது என்று கேட்டால், உறையூரில் ஒரு சைக்கிள் கடை என்றுதான் சொல்வேன். அப்போது நான் குழுமணிப் பக்கம் கிராம சேவக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விதைநெல், உரம், கம்போஸ்ட் குழி என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற வேலை. பேச்சைக் கேட்பவர்கள் குறைவு; அலைச்சலுக்கு மட்டும் குறைவில்லை. சைக்கிள் இல்லாவிட்டால் எனக்குக் கை கால் ஓடாது.

என் மனைவிக்கு ஸ்ரீரங்கம். மாமனாருக்கு அங்கே வாழையிலை வியாபாரம். சித்திரை வீதியை ஒட்டி ஒரு சந்துக்குள் வீடு. தலைப்பிரசவத்துக்கு அவளை அங்கே அழைத்துப் போயிருந்தார்கள். பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. தகவல் கிடைத்த அன்றைக்கே கிளம்பிப் போனேன். வாசலிலேயே மாமனார் மறித்துவிட்டார். குழந்தை பிறந்த நேரம் சரியில்லையாம். நட்சத்திரம் அப்பாவுக்கு ஆகாதாம். ஜோசியர் குறித்துக் கொடுக்கும் நாளில் வந்து, ஒரு கிண்ணம் நல்லெண்ணெயில் குழந்தையின் முகம் தெரிய, அதை முதலில் பார்க்க வேண்டுமாம். அதற்கு அப்புறம்தான் நேரில் பார்க்கலாமாம்.

எனக்கு ஜோசியர்களைக் கண்டாலே எரிச்சல். அன்றைக்குப் பெரிய சண்டையே போட்டிருப்பேன். ஆனால் உள்ளேயிருந்து என் மனைவியே கெஞ்சினாள். "உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்? கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்குங்க." பிள்ளை பெற்ற உடம்பு, குரலே நடுங்கியது. சரி என்று திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகும் போவேன். வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, உள்ளேயிருந்து வரும் அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நல்ல கணீரென்ற குரல். பசிக்கு அழுவது ஒரு மாதிரி, தூக்கத்துக்கு அழுவது வேறு மாதிரி என்று பிரித்துச் சொல்லுகிற அளவுக்குக் கேட்டிருக்கிறேன். முகம் பார்க்கக் குறித்த நாள், தேர் முடிந்து அடுத்த வாரம்.

வேலை பார்த்த ஊரிலும் விஷயம் பரவிவிட்டது. பெண் பிறந்ததற்கு ஒருவர்கூட என்னிடம் சந்தோஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரில் வந்தால், "உடம்பப் பாத்துக்குங்க சார்" என்பார்கள். மிட்டாய் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். இந்த முகங்களைப் பார்த்தபின் அந்த ஆசையும் போய்விட்டது.

தேருக்கு முதல் நாள் நான் ஒரு வயலோரம் நின்று ஒரு மிராசுதாரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மைத்துனனின் சிநேகிதன் ஒருவன் என்னைத் தேடிக்கொண்டு வரப்பில் வந்தான். காலை பஸ்ஸில் வந்து, நான் இருக்கும் இடம் தெரியாமல் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறான். விடிகாலையில் குழந்தைக்கு வலிப்பு வந்ததாம். டாக்டர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். போகிற வழியிலேயே போய்விட்டது. பிறகு, "சாயங்காலம் பெருமாள் புறப்பாடு இருக்குங்க. வீதில பொணத்த வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. மூணு மணிக்கு எடுத்துடுவாங்க. உங்களுக்காகத்தான் அதுவரைக்கும் வச்சிருக்காங்க" என்றான்.

பச்சைக் குழந்தையை அவ்வளவு நேரம் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். எனக்காக வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது. இனிமேல் எந்தத் தோஷமும் இல்லை, எண்ணெய்க் கிண்ணமும் வேண்டாம், தாராளமாகப் பார்க்கலாம். அந்த நினைப்பு வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

அடுத்த பஸ் சாயங்காலம்தான். அதுவும் தேருக்குப் போகிற கூட்டத்தில் நிற்குமா நிற்காதா என்பது சந்தேகம். சைக்கிளை எடுத்தேன். அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டால் வேகம் குறையும் என்று நினைத்து அங்கேயே விட்டுவிட்டேன். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. எப்படி மிதித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரே ஒரு நினைப்புதான்: ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும். ஒரே தடவை.

உறையூருக்குள் நுழையும்போது தேருக்குப் போகிற மாட்டு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சட்டி பானை, பாய், குழந்தைகள் என்று ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குடும்பம். வண்டிகளுக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் புகுந்து போனேன். ஒரு மாடு மிரண்டு ஒதுங்கியது. வண்டியின் அச்சு முனை என் பின் சக்கரத்துக்குள் நுழைந்து இழுத்தது. சடசடவென்று கம்பிகள் தெறித்தன. நான் சாக்கடை ஓரத்தில் கிடந்தேன். எழுந்து பார்த்தால், சக்கரம் அப்பளம் மாதிரி வளைந்து, மட்கார்டில் முட்டிக்கொண்டு நின்றது. உருட்டக்கூட முடியவில்லை. பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

சுருட்டுக் கடை ஒன்றின் பக்கத்தில் அந்த சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். வாயில் அணைந்துபோன சுருட்டு. வாடகைக்கு ஒரு சைக்கிள் கொடுங்கள் என்று கேட்டேன். "ஒண்ணு கூட இல்ல தம்பி. அம்புட்டும் தேருக்குப் போயிருச்சு" என்று காலி வாசலைக் காட்டினார். ஜட்கா? குதிரை வண்டியெல்லாம் சத்திரத்துப் பக்கம் போய்விட்டதாம். பஸ்ஸில் ஏற முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் முன்னால் போன பஸ்ஸில் ஆட்கள் பின் ஏணியில் தொங்கிக்கொண்டு போனார்களாம். நடந்தால் மூன்று மணிக்குள் போக முடியுமா என்று கணக்குப் போட்டேன். வெயிலில், அந்தக் கூட்டத்தில், விழுந்ததில் வீங்கிக்கொண்டு வந்த முழங்காலோடு முடியும் என்று தோன்றவில்லை. "அரை மணில கம்பி மாத்திக் குடுத்துடறேன், உக்காருங்க" என்றார் அவர். நம்பி உட்கார்ந்தேன்.

சக்கரத்தைக் கழற்றினார். டயரையும் டியூபையும் உருவினார். "ஸ்ரீரங்கமா? தேருக்கா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. குழந்தையப் பாக்கணும்" என்றேன்.

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் என் மனதில் அப்போது வேறு வாக்கியமே இல்லை. குழந்தையைப் பார்க்க வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "மொதக் குழந்தையா?"

"ஆமாண்ணே."

"என்ன குழந்தை?"

"பொண்ணு."

"அட, மகாலச்சுமி! எனக்கும் நாலும் பொண்ணுதான் தம்பி. இன்னும் மூஞ்சியே பாக்கலியா?"

"இல்லண்ணே. சீக்கிரம் போட்டுக் குடுங்க. மூணு மணிக்கு எடுத்துடுவாங்க."

நம் ஊரில் இந்தச் சொல் எதற்கெல்லாம் வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். சாவு வீட்டுக்குப் போகிறவன் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்றுதான் கேட்பான். பஸ்ஸுக்கு ஓடுகிறவனும் வண்டியை எடுத்துவிடுவார்கள் என்றுதான் சொல்வான். குழந்தையைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்ன ஒருவன் மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்கள் என்றால், கேட்கிறவர் என்ன நினைப்பார்? "எடுத்துட்டுப் போகட்டுமே தம்பி. தேர் நாள்ல இந்த பஸ் போச்சுன்னா பின்னாலயே அடுத்தது வரும். புள்ளய சாவகாசமாப் பாத்துட்டு, அடுத்ததுல வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அடுத்ததுல.

ஏன் நீ உடனே சொல்லவில்லை என்று யாராவது கேட்கலாம். நானே என்னைப் பல நாள் கேட்டிருக்கிறேன். குழந்தை செத்துப்போச்சு என்று அதுவரை என் காதில்தான் விழுந்திருந்தது. என் வாயால் சொன்னதில்லை. சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இன்னொன்றும் உண்டு. அந்தக் குழந்தை பிறந்ததற்கு மலர்ந்த முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது அந்தக் கடையில்தான். என் மாமனார் வீட்டில் அந்த முகம் இல்லை. எங்கள் ஊரிலும் இல்லை. அந்த மனிதர் சக்கரத்தை மடியில் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அதை எப்படி அணைப்பது?

உடைந்த கம்பிகள் பல்சக்கரம் இருக்கிற பக்கம். அதைக் கழற்றினால்தான் அந்தப் பக்கத்துக் கம்பியை அச்சுத் துளையில் கோக்க முடியும். அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டார், உளியை வைத்துத் தட்டினார், மறுபடியும் எண்ணெய் விட்டார். நான் எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தேன். பக்கத்துச் சுருட்டுக் கடைச் சுவரில் தொங்கிய கடிகாரத்தை எட்டி எட்டிப் பார்த்தேன். ஒருவழியாக அது கழன்றது. புதுக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ரிம்மில் மாட்டி முடுக்கினார். சக்கரம் மறுபடியும் சக்கரம் மாதிரி தெரிந்தது.

"போதும்ண்ணே, இப்படியே மாட்டிக் குடுங்க. போயிடறேன்" என்றேன்.

"கோட்டம் எடுக்கலியே தம்பி" என்றார். சக்கரம் சுற்றும்போது இப்படியும் அப்படியும் ஆடுவதைத்தான் கோட்டம் என்பார்கள். சக்கரத்தைச் சுழலவிட்டு, எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்துக் கம்பியை ஒரு பக்கம் தளர்த்தி, மறுபக்கம் முடுக்கி, மறுபடியும் சுழலவிட்டுச் சரி பார்க்க வேண்டும். பொறுமையான வேலை.

"கோட்டம் இருந்தாப் பரவால்லண்ணே. நான் ஓட்டிக்கறேன்."

"நீங்க ஓட்டிருவீங்க. வரும்போது?" என்று கேட்டார். "பஸ்ல எடம் கெடைக்கலேன்னா பச்ச ஒடம்புக்காரி பின்னால உக்காந்து வருவாங்க. மடில புள்ள இருக்கும். காவேரிப் பாலத்து நடுவுல கம்பி விட்டுச்சுன்னா என்ன தம்பி பண்ணுவீங்க? நான் பண்ற வேலைய ஒழுங்காப் பண்ணித்தான் அனுப்புவேன். நீங்க ஒக்காருங்க."

பிறகு ரசித்து வேலை பார்த்தார். அதுதான் கொடுமை. சக்கரம் சுற்றும், அவர் கட்டைவிரலை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நிறுத்துவார். ஒரு கம்பியைக் கால் திருகு திருகுவார். உடையாத பழைய கம்பிகளைக்கூட விடவில்லை. விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, சத்தம் மந்தமாக வந்தால் முடுக்கினார். நடுநடுவே குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேச்சு. பெண் பிள்ளை இருந்தால் வீடு எப்படி இருக்கும், முதல் பெண் மூத்திரம் போனால்கூட அப்பனுக்கு எப்படிச் சந்தோஷமாக இருக்கும் என்று ஒரே சிரிப்பு. பேர் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பெண் பிறந்தால் வைக்கலாம் என்று நானும் என் மனைவியும் முன்பு ஒரு பேர் பேசி வைத்திருந்தோம். அதைச் சொன்னேன். அந்தப் பேரை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். "நல்ல பேரு" என்றார். நான் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, குழந்தை..." என்று ஒரு தடவை ஆரம்பித்தேன். "தூங்கிக்கிட்டு இருக்கும், எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார்.

சக்கரத்தை மாட்டி, செயினைப் பூட்டி, காற்றடித்து, கேரியரைக்கூடத் துணியால் துடைத்து என்னிடம் கொடுத்தபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது. கூலி வேண்டாம் என்று கையை உதறிவிட்டார்.

வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. ஒரு சின்ன ஆட்டம் இல்லை. சிந்தாமணி வரைக்கும் பறந்தேன். பாலத்தில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன். வண்டிகளும் ஜனங்களுமாகப் பாலம் அடைத்துக் கிடந்தது. இறங்கித் தள்ளினேன். வழி விடுங்கள் என்று கத்தினேன். "எல்லாருக்கும்தான்யா பெருமாள்" என்று யாரோ சொன்னார்கள். மாம்பழச்சாலையில் மறுபடியும் ஏறி மிதித்தேன். மொட்டைக் கோபுரத்தைக் கடந்து உள்ளே போனபோது சித்திரை வீதியில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சந்துக்குள் நுழைந்ததும் தெரிந்துவிட்டது. மாமனார் வீட்டு வாசலிலிருந்து கழுவிவிட்ட தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு மணிக்கே எடுத்துட்டாங்க மாப்ள... கோயில்லேர்ந்து ஆள் வந்துட்டான். எவ்வளவு நேரம்தான் வச்சிருக்கறது" என்று அழுதார். நான் கையை உதறிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினேன். கொள்ளிடக் கரைக்குத்தான் கொண்டுபோயிருப்பார்கள். குழந்தைக்குப் பாடை கிடையாது. துணியில் சுற்றி, கையில் ஏந்திக்கொண்டு போவார்கள். நடந்துதானே போயிருப்பார்கள், பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

கொள்ளிடத்து மணலில் என் மைத்துனனும் இன்னும் இரண்டு பேரும் ஈரத் தலையோடு வந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மைத்துனன் அப்படியே நின்றுவிட்டான். மணலில் ஓர் இடத்தில் கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தது. நாய் தோண்டாமல் இருக்க அப்படிப் போடுவார்கள். நான் போய் அந்த முள்ளைப் பிடித்து இழுத்தேன். கையெல்லாம் கிழிந்தது. மணலைத் தள்ள ஆரம்பித்தேன். மூன்று பேரும் என்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

"மூடினதத் தோண்டக் கூடாது மாமா. ஆகாது மாமா" என்றான் மைத்துனன்.

"இன்னும் என்னடா ஆகாது?" என்று கேட்டேன்.

அவன் பிடியை விடவில்லை. நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊர்ப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பெருமாள் புறப்பட்டுவிட்டார். அவருக்காக வீதி சுத்தமாகிவிட்டது. அன்றைக்கு நான் அந்தப் பெருமாளைத் திட்டிய மாதிரி என் வாழ்நாளில் வேறு யாரையும் திட்டியதில்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். என் மனைவி ஓர் ஓரமாகப் பாயில் கிடந்தாள். பால் கட்டி, காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தாள். "ஏங்க லேட்டு?" என்று மட்டும் கேட்டாள்.

"சைக்கிள்ல கம்பி ஒடஞ்சு போச்சு" என்றேன்.

சொல்லும்போதே எவ்வளவு கேவலமான பதில் என்று எனக்குத் தெரிந்தது. வேறு பதிலும் இல்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தையைப் பற்றி அவள் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை. பார்க்க வேண்டாம் என்று கெஞ்சியது அவள். வந்து சேராமல் போனது நான். அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் இரண்டு பேருக்கும் வலிக்கும். எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தோம். "உங்களுக்கு வந்தது அதோட போச்சு சார்" என்று ஊரில் ஆறுதல் சொன்னார்கள். ஆறுதலாம்!

வேலை விஷயமாக மாதத்துக்கு ஒரு தடவையாவது நான் திருச்சிக்குப் போக வேண்டும். உறையூர் வழியாகத்தான் போக வேண்டும். முதல் தடவை தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். "தம்பி!" என்று கடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "புள்ள எப்படி இருக்கா?" அந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டார். நான் பிரேக் பிடித்தேன். யோசிக்கக்கூட இல்லை. "நல்லா இருக்காண்ணே" என்றேன். சொல்லிவிட்டு, கொஞ்ச தூரம் போய் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த தடவையும் கேட்டார். குப்புற விழுந்துவிட்டாளா? விழுந்துவிட்டாள் அண்ணே. பல் முளைத்ததா? அதற்கு எனக்கு உடனே பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்து, குழந்தைக்குப் பல் எத்தனை மாதத்தில் வரும் என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். வேறு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். சில நாள் அப்படிப் போயும் பார்த்தேன். ஆனால் அன்றைக்கெல்லாம் எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். கடைசியில் காற்றடிக்க வேண்டிய அவசியம் இல்லாதபோதும் அந்தக் கடையில் நிற்க ஆரம்பித்தேன். என் மகள் நடந்தாள். பேசினாள். மண்ணைத் தின்று அம்மாவிடம் அடி வாங்கினாள். எல்லாம் அந்தக் கடை வாசலில்தான். வீட்டுக்கு வந்தால் வீடு வெறுமையாக இருக்கும். என் மனைவி ஒன்றும் பேசாமல் சோற்றைப் போடுவாள், நான் ஒன்றும் பேசாமல் சாப்பிடுவேன். எங்களுக்கு வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

அறுபதுகள் பிறந்து சில வருஷம் கழித்து, புத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டுவதற்காக அவளை சைக்கிளில் வைத்து அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர், இனிமேல் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்கிற மாதிரி சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பும்போது உறையூர்ச் சந்தில் சட்டென்று டயரில் காற்று இறங்கிவிட்டது. அவள் இறங்கிக்கொண்டாள். நான் தள்ளிக்கொண்டு நடந்தேன். அந்தக் கடையைத் தாண்டி வேறு கடைக்குப் போய்விடலாம் என்று வேகமாக நடந்தேன். முடியவில்லை. அவர் ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"வாங்கம்மா, வாங்க. இன்னிக்கித்தான் உங்களப் பாக்கக் குடுத்து வச்சிருக்கு" என்று என் மனைவியைக் கும்பிட்டார். "பாப்பாவ ஏம்மா கூட்டியாரல?" என்று அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டார். "ஸ்கூல்ல சேத்துட்டீங்களா?"

எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வருஷக்கணக்காக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத பேர் அது. அவரைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்கும். அழப் போகிறாள், அல்லது அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"சேத்திருக்கோம் அண்ணே. ஒண்ணாங் கிளாஸ்" என்றாள்.

"அப்படியா! யாரு சாடைம்மா? தம்பியக் கேட்டா மழுப்புவாரு, ஒழுங்காச் சொல்லமாட்டாரு."

அவருக்கு என்ன தெரியும், பாவம். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நெத்தி அவரு மாதிரிண்ணே. அகலமா இருக்கும். புருவமே இல்லாத மாதிரி லேசா இருக்கும். மூக்கு என்னுது. மேல் உதட்டுல நடுவுல ஒரு சின்னக் குழி. பால் குடிச்சு முடிச்சா அதுல ஒரு சொட்டு நிக்கும். தூங்கும்போது ஒரு கண்ணு கொஞ்சம் தெறந்தே இருக்கும். அவருக்கும் அப்படித்தான் இருக்கும், அவருக்கே தெரியாது. எடது காது மடல் மட்டும் மடிஞ்சு இருக்கும். எண்ணெய் தேச்சு நீவி விட்டா சரியாப் போயிரும்னு எங்கம்மா சொன்னாங்க. நான் தெனமும் நீவுவேன்."

பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்குப் பால் குடிக்கிற அடையாளம் சொல்கிறாளே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லையா, அல்லது ஏதோ புரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தாரா, எனக்குத் தெரியாது. "நல்லா இருக்கட்டும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து டயரைக் கழற்ற ஆரம்பித்தார்.

பஞ்சர் ஒட்டியதும் கிளம்பினோம். வழியில் அவள் என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. வீட்டுக்குப் போயும் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் சாகிற வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது. பார்த்த முகங்கள் பல மறந்துவிட்டன. என் மகளை நான் பார்த்ததே இல்லை. உறையூரில் ஒரு சைக்கிள் கடை வாசலில் நின்று, ஒரே ஒரு தடவை காதால் கேட்டிருக்கிறேன், அந்த முகம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.